கத்தி படாத கால்

எங்கப்பாவுக்குச் சீனி வருத்தம்னு எங்க லயத்துக்கு மொதல்ல சொன்னது டாக்டர் இல்ல, எறும்பு.

லயம்னா தேயிலைத் தோட்டத்துல காம்பரா காம்பராவா ஒட்டி நிக்கிற வீட்டு வரிசை. அதுக்குப் பின்னால சாக்கடைக் கான் ஓரமாத்தான் ஆம்பளைங்க ஒண்ணுக்குப் போவாங்க. அப்பா போயிட்டு வந்த எடத்துல மட்டும் செத்த நேரத்துல கட்டெறும்பு மொய்ச்சிரும். அடுத்த காம்பராப் பொம்பள ஒருத்தி, அவளுக்கு வாய் சும்மா இருக்காது, இடுப்புல கைய வச்சிக்கிட்டு எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னா: “ஏன்டி, உங்கப்பாரு ஒண்ணுக்குப் போறாரா, பாகு காய்ச்சி ஊத்துறாரா?” லயமே சிரிச்சிச்சு. நான் அப்ப பசறைப் பள்ளிக்கூடத்துல ஏ.எல். படிச்சிக்கிட்டிருந்தேன். வெள்ளைக் கவுனைப் போட்டுக்கிட்டு, புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பஸ்ஸுக்குக் கெளம்பி நின்னவ. அப்படியே மண்ணுக்குள்ள போயிரலாமான்னு இருந்துச்சு.

அவள நல்லாக் கேட்டிருக்கலாம். எனக்கு வாய் இல்லாமயா? அந்த லயத்துல என் வாய்க்குப் பயந்து ஒதுங்கினவங்க எத்தனையோ பேரு. ஆனா அன்னைக்கு எனக்குக் கோவம் வந்தது அவ மேல இல்ல, அப்பா மேல. இத எழுதுறப்பவே கூசுது. நோய் வந்த மனுஷன் மேல கோவப்படுறது என்னா புத்தி? வேற ஏதாச்சும் வருத்தம் வந்திருக்கக் கூடாதான்னு நெனச்சேன். இழுப்பு வந்தாப் பாவம்பாங்க. காசம் வந்தா ஒதுங்கிப் போனாலும் உச்சுக் கொட்டுவாங்க. இது ஒண்ணுக்குத்தான் சிரிக்கிறாங்க.

ஏன் சிரிச்சாங்கன்னு சொல்லணும். தொண்ணூறுகள்ல எங்க தோட்டத்துல சீனி வருத்தம்னா அது துரைக்கு வரும், பெரிய கிளாக்கருக்கு வரும், டவுன் மொதலாளிக்கு வரும். தொந்தி உள்ளவனுக்கு வர்ற வருத்தம். எங்க வீடுகள்ல தேத்தண்ணியில சீனி கலக்குறதே விருந்தாளி வந்தாத்தான். மத்த நாள்ல உள்ளங்கையில ஒரு சிட்டிகை சீனிய வச்சு நக்கிக்கிட்டே சாயத் தண்ணிய உறிஞ்சுவோம். அப்பா அதக் குடிச்சிட்டு மலை ஏறுனா அந்திக்குத்தான் எறங்குவாரு. ஒடம்புல எலும்பும் தோலும்தான். அந்த ஆளுக்குச் சீனி வருத்தம்னா யாரு நம்புவா? ஒளிச்சு வச்சுத் திங்கிறாரு போலன்னு பேசினாங்க.

இத்தனைக்கும் எங்க குடும்பத்துக்கு அது புதுசு இல்ல. அப்பாவைப் பெத்த தாத்தா, தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே வத்தி வதங்கிச் செத்தாராம். பேய் அடிச்சிருச்சுன்னு முடிவு கட்டினாங்க. பெரியப்பாவுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. செய்வினைன்னு சொல்லிக் கோழி அறுத்தாங்க. கொஸ்லந்தைப் பக்கம் கட்டிக்குடுத்த அத்தைக்குப் பொறந்த புள்ள ஒண்ணும் தங்கல. அவ ராசி சரியில்லன்னு புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். மூணு பேருக்கும் மூணு காரணம் சொன்னாங்களே தவிர, எல்லாம் ஒரே வருத்தமா இருக்குமோன்னு எங்க ஆளுங்க யாருக்கும் தோணல. பேரு தெரியாத வரைக்கும் அது பேய், பேரு தெரிஞ்சதும் பரம்பரை வியாதி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா கவ்வாத்துக்காரர். கொழுந்து எடுத்து எடுத்து ஓஞ்சு போன தேயிலைச் செடிய முட்டி ஒசரத்துல வெட்டி விடுவாங்க, மறுபடி துளிர்க்கிறதுக்கு. அதுதான் கவ்வாத்து. கத்தி வளைஞ்சு, சவரக் கத்தி மாதிரித் தீட்டியிருக்கும். கெளை சிதையாம ஒரே வெட்டுல சாய்க்கணும். ஓங்குற வேகத்துல கொஞ்சம் பெசகினாலும் முட்டியோ கணுக்காலோ போயிரும். எங்க மலையில கத்திக் காயம் இல்லாத கவ்வாத்துக்காரன் அப்பா ஒருத்தர்தான். புது துரை வந்தா, கங்காணி அப்பா வெட்டின மலைக்குத்தான் கூட்டிக்கிட்டு வந்து காட்டுவாரு. குடிக்க மாட்டாரு, சண்டைக்குப் போக மாட்டாரு, நாலு பேரு கூடுற எடத்துல குரல் ஒசத்திப் பேச மாட்டாரு. கத்தியப் பத்திப் பேச்சு வந்தா மட்டும் மீசைய ஒதுக்கி விட்டுக்குவாரு. அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே கர்வம் அது.

எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலை கெடைச்ச வருசம், அப்பாவுக்கு இடது கால் பெருவெரல்ல ஒரு கொப்புளம் வந்துச்சு. மஞ்சளைப் பூசினாங்க, வேப்பெலைய அரைச்சுக் கட்டினாங்க. வெரல் கறுத்துப் போனப்புறம்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். பெருவெரலையும் பக்கத்து வெரலையும் எடுத்துத்தான் உசுரக் காப்பாத்திக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் அவரு கவ்வாத்து மலைக்குப் போகல. கொழுந்து நிறுக்கிற மடுவத்தைக் கூட்டிப் பெருக்குற வேலையக் குடுத்தாங்க.

அந்த நேரத்துலதான் எனக்குச் சம்பந்தம் வந்துச்சு.

பசறை டவுன்ல பலசரக்குக் கடை வச்சிருக்கிற குடும்பம். மாப்பிள்ளை ஒரே மகன். அப்பா இல்ல, நெஞ்சு வலியில போயிட்டாருன்னு சொன்னாங்க. அம்மாவும் மகனும் சேந்து கடைய நடத்துறாங்க. லயத்துப் பொண்ணு வேணாம்னு சொல்ல வேண்டியவங்க, டீச்சர்னு கேட்டதும் சரின்னுட்டாங்க. எங்கம்மா சந்தோசத்துல ஒப்பாரியே வச்சிருச்சு.

அம்மாவோட அண்ணன், எங்க தாய்மாமன்தான் எல்லாத்தையும் முன்னால நின்னு நடத்தினாரு. பொண்ணு பாக்க வர்றதுக்கு மொத நாளு லயத்துல வீடு வீடா ஏறி எறங்கிச் சொல்லிட்டாரு: “சீனிங்கிற பேச்சு ஒருத்தர் வாயிலயும் வரப்படாது. ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நாம ஒரே ஒரு பொய்தான் சொல்லப் போறோம்.” பாகு காய்ச்சுறாரான்னு கேட்டவகூட, “எம் புள்ளயா இருந்தாச் சொல்லுவேனா அண்ணே?”ன்னு கண்ணைத் தொடச்சிக்கிட்டா. எங்க லயத்து ஆளுங்க அப்படித்தான். நமக்குள்ள கிழி கிழின்னு கிழிப்பாங்க, வெளியாளு வந்தா ஒரே வாய்.

பயம் இல்லாம இல்ல. சீனிக்காரன் வீட்டுப் பொண்ணைக் கட்டுனா அந்தச் சீனிதான் சீதனம்னு ஒரு பேச்சு அப்பவே உண்டு. அப்பனுக்கு இருந்தாப் பொண்ணுக்கு வரும், பொண்ணுக்கு இருந்தாப் புள்ளைக்கு வரும். ரத்தத்துல வர்றதைப் பத்தி டாக்டர்மாருங்க எங்களுக்குச் சொல்றதுக்கு முந்தியே கல்யாணத் தரகருங்க சொல்லிட்டாங்க.

வேன் புடிச்சு வந்தாங்க. மாப்பிள்ளை, அவரோட அம்மா, ஒரு சித்தப்பா. இஸ்தோப்புல, அதான் லயத்து முன்வாசல்ல, கடன் வாங்கின நாற்காலியப் போட்டு ஒக்கார வச்சோம். சீனியப் பத்தி யாரும் வாயைத் தொறக்கலதான். ஆனா காலைப் பத்தி ஒருத்தரும் யோசிக்கலியே! அப்பா வேட்டிக்குள்ள எவ்வளவு இழுத்து இழுத்து மறைச்சும், சித்தப்பாவோட கண்ணு நேரா அங்கதான் போச்சு.

“சம்பந்தி, கால்ல என்னாங்க?”

மாமா யோசிக்கவே இல்ல. “கவ்வாத்துக் கத்தி பட்டுருச்சுங்க. ஆனைக்கும் அடி சறுக்கும்ல!”

சித்தப்பா தொடையத் தட்டிக்கிட்டுச் சிரிச்சாரு. “நானும் சின்ன வயசுல மலையில கெடந்தவன்தான். வெட்டுக்காரன் தங் காலையே வெட்டிக்கிட்டானா? அட கொடுமையே! செடின்னு நெனச்சிட்டீங்களோ?” வந்தவங்க சிரிச்சாங்க. எங்க ஆளுங்களும் சிரிச்சு வச்சாங்க.

அப்பா என்னைப் பாத்தாரு. நான் தேத்தண்ணித் தட்டைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். இல்லைன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேன் அப்படியே திரும்பிப் போயிருக்கும். எங் கண்ணு அவருகிட்ட என்னா கேட்டுச்சோ, பாவி மனுஷன் தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. “ஆமாங்க. கவனம் பெசகிருச்சு. வெட்டிக்கிட்டேன்”னாரு. பொறவு யாரும் கேக்காமலே தட்டுல இருந்த லட்டை எடுத்து வாயில போட்டாரு. சீனி போட்ட பால் தேத்தண்ணியையும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாரு. எங்கம்மா அடுப்படியில முந்தானைய வாயில வச்சிக்கிட்டு நின்னுச்சு.

கல்யாணம் நல்லாத்தான் நடந்துச்சு. எங்க வீட்டுக்காரரும் நல்ல மனுஷன். கை நீட்டுனது இல்ல, குடிச்சிட்டு வந்தது இல்ல. ஆனா கேலி பேசாம இருக்க முடியாது அவருக்கு. அப்பா எப்பவாச்சும் கடைக்கு வந்தா, சவுக்காரச் சோப்பு வெட்டுற கத்தியச் சட்டுன்னு எடுத்து முதுகுக்குப் பின்னால ஒளிச்சிக்கிட்டு, “மாமா வர்றாரு, எல்லாரும் கால மடக்கிக்குங்க!”ம்பாரு. கடைக்கு வந்த சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்பாவும் பல்லைக் காட்டுவாரு. நானும் சிரிப்பேன். சிரிக்காட்டி ஏன் சிரிக்கலன்னு கேப்பாங்களே. அந்தக் கேலி சந்தைக்குப் போச்சு, பக்கத்துத் தோட்டங்களுக்குப் போச்சு. எவனாவது கத்திய ஏனோதானோன்னு புடிச்சா, “பாத்துடா, டீச்சரம்மா அப்பன் மாதிரி ஆயிராத”ன்னு சொல்ற அளவுக்கு ஆயிருச்சு. அவரு அப்பறம் கடைக்கு வர்றதையே கொறைச்சுக்கிட்டாரு. வேலை ஜாஸ்தின்னு சொல்லி விட்டாரு. மடுவம் கூட்டுறதுல என்னா ஜாஸ்தி வேலை?

மொதப் புள்ள உண்டானப்ப மாமியார்தான் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அங்க இருந்த மிஸ்ஸி, அதான் நர்ஸம்மா, மூத்திரத்துல நீலத் தண்ணிய ஊத்திக் காய்ச்சிப் பாத்தாங்க. சீனி இருந்தாப் பச்சையாவும் செங்கல் நெறமாவும் மாறும்பாங்க. எனக்கு நீலமாவே இருந்துச்சு. மிஸ்ஸி அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ்ல கேட்டாங்க: “வீட்டுல அம்மா, அப்பா, சீனி இருக்கா?” எனக்கு முந்தி மாமியார் பதில் சொன்னாங்க: “சேச்சே, அதெல்லாம் இல்லீங்க.” மிஸ்ஸி என்னைப் பாத்தாங்க. நானும் இல்லைன்னு தலைய ஆட்டினேன். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அந்த பெஞ்சில, மாமியாரு பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, எங்கப்பாவுக்கு இருக்குன்னு எப்படிச் சொல்றது? ஆமான்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா ரத்தத்தையும் எடுத்துப் பாத்திருப்பாங்க. சொல்லாததால, நீலமாத்தானே இருக்குன்னு விட்டுட்டாங்க.

ஏழாம் மாசத்துக்கு மேல எனக்குத் தாகம் எடுத்துச்சு. எவ்வளவு குடிச்சாலும் நாக்கு மேல போய் ஒட்டிக்கும். வயிறு நாளுக்கு நாள் பெருத்துச்சு. மாமியாருக்குப் பெருமை தாங்கல. “ஆனைக்குட்டி வளருது எம் பேரன்!”னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னாங்க. நானோ கிளினிக்குக்குப் போகாம, பள்ளிக்கூடத்துல வேலை, காலு வீங்கியிருக்கு, அடுத்த தடவை போறேன்னு நாளைக் கடத்தினேன். நிறைமாசத்துல ஒரு நாள் புள்ள அசையல.

பெரிய புள்ள. பாத்தவங்க மூணு மாசப் புள்ள மாதிரி இருக்கேன்னாங்க. அழுவத்தான் இல்ல.

அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. துணியில சுத்தின புள்ளைய ரெண்டு கையாலயும் வாங்கினவரு ரொம்ப நேரம் அந்த மூஞ்சியவே பாத்தாரு. தங் கூடப் பொறந்தவளுக்குப் புள்ள தங்காம போனது ஏன்னு அவருக்கு அப்பத்தான் வெளங்கியிருக்கணும். மாமியார், கண்ணு பட்டுருச்சு, ஊருக் கண்ணு பட்டுருச்சுன்னு மாரடிச்சிக்கிட்டு அழுதாங்க. அப்பாவும் நானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. புள்ளையப் பொதைச்சிட்டு வந்து வாசல்லயே நின்னுட்டு, சொல்லாம கொள்ளாம தோட்டத்துக்குப் போயிட்டாரு.

கொஞ்ச நாள்ல தாகம் தானா நின்னுருச்சு. அப்பாடா, எனக்கு அது இல்லன்னு நெனச்சிக்கிட்டேன். வெட்கம் இருக்கே, அது மனுஷனை எவ்வளவு முட்டாளாக்கும்னு நான் சொல்லித் தர்றேன், கேட்டுக்கங்க. பெத்த புள்ளையக் குழிக்குள்ள வச்சிட்டு வந்தும் எனக்கு மொதல்ல வந்த நிம்மதி, நல்ல வேளை யாருக்கும் தெரியலங்கிறதுதான்.

ரெண்டாவது உண்டானப்ப பதுளையில பெரிய டாக்டரம்மாகிட்டப் போனோம். யாழ்ப்பாணத்து ஆளு. கண்டிப்பான மனுஷி. எங்க வீட்டுக்காரரு, மாமியார், நான், மூணு பேரும் போய் வரிசையில நின்னு உள்ள போனோம். கதவு தொறந்தேதான் கெடந்துச்சு. வெளிய வாங்குல ஒக்காந்திருந்த பொம்பளைங்களுக்கு உள்ள பேசுறது அத்தனையும் கேக்கும்.

டாக்டரம்மா மொதப் புள்ளையோட எடையக் கேட்டாங்க. கேட்டதும் பேனாவை வச்சிட்டு நிமிந்தாங்க. “உங்கட குடும்பத்தில ஆருக்கும் சீனி வருத்தம் இருக்கோ?”

நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு முந்திக்கிட்டாரு. “இல்லீங்க டாக்டர். இவங்கப்பா நல்ல தெடமான ஆளு. காலு வெரல்தான் ரெண்டு இல்ல, அதுவும் அவரே வெட்டிக்கிட்டது.” சொல்லிட்டுச் சிரிச்சாரு.

டாக்டரம்மா சிரிக்கல. “கால் விரலோ? என்னெண்டு போனது?”

“கத்தி படலீங்க.”

வாசல்ல அப்பா நின்னாரு. நாங்க யாரும் அவரை வரச் சொல்லல. அம்மாகிட்ட நாளைக் கேட்டு வச்சிக்கிட்டு, தோட்டத்துல இருந்து காலைல மொத பஸ்ஸைப் புடிச்சு வந்திருக்காரு. செருப்பை வெளிய கழட்டி வச்சிட்டு வெறுங்காலோட நின்னாரு. அந்தக் காலை மறைக்கல.

“எனக்குச் சீனி வருத்தங்க. இதே ஆஸ்பத்திரியிலதான் வெரலை எடுத்தாங்க. எங்கப்பாவுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கணும். எங்கண்ணனுக்குக் கண்ணு போச்சு. எந் தங்கச்சிக்கு ஒரு புள்ளகூடத் தங்கல. இவளுக்கும் தங்காம போயிராம பாத்துக்குங்க தாயி.” கும்பிட்டாரு. கும்பிட்ட கைய எறக்காம அப்படியே எங்க வீட்டுக்காரரு பக்கம் திரும்பினாரு. “எங் கத்தி எங் கால்ல ஒரு நாளும் பட்டதில்லீங்க மாப்பிள்ள.”

வெளிய வாங்குல இருந்தவங்க எட்டிப் பாத்தாங்க. எம் புள்ள பொழைக்கும்னு அந்த நேரத்துல எனக்குத் தோணியிருக்கணும். அதுதானே தாய் மனசு? எனக்குத் தோணினது, ஐயோ மானம் போச்சே. முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டேன்.

“ஏமாத்திட்டீங்களே!”ன்னு மாமியார் எந்திரிச்சிட்டாங்க. “நல்ல குடும்பம்னு நம்பித்தானே கட்டுனோம்!”

“இருங்கோ அம்மா,” டாக்டரம்மா அதட்டினாங்க. “ஆர் ஆரை ஏமாத்தினது எண்டு வீட்டை போய்க் கதையுங்கோ. எனக்குப் பிள்ளைதான் முக்கியம். உங்கட பக்கத்தில? இவற்ற தகப்பனுக்கு என்ன வருத்தம்?”

“அவருக்கு நெஞ்சு வலிங்க”ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

மாமியார் மெதுவா ஒக்காந்தாங்க. “நெஞ்சு வலிதான்... சீனியும் இருந்துச்சு. கடைக்குப் பின்னால சாக்கு அடுக்கி வச்சிருக்கிற எடத்துல நின்னு ஊசி போட்டுக்குவாரு. சீனி விக்கிறவனுக்கே சீனியான்னு சனம் சிரிக்கும்னு யாருக்கும் சொல்லல. இவனுக்குக்கூடத் தெரியாது.” எங்க பக்கம் ஒரு பொய்யச் சொல்லிக் கல்யாணத்தை முடிச்சோம்னு நெனச்சா, அவங்க பக்கத்துலயும் ஒண்ணு தயாரா இருந்திருக்கு.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்கணும், அடக்கிக்கிட்டாங்க. “இதில ஒருத்தற்ற பிழையும் இல்லை. தாய் தகப்பனிட்ட இருந்து ஒவ்வொருத்தற்ற உடம்புக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் வரும். சில வித்தியாசங்கள் சீனி வாறதுக்கு இடம் குடுக்கும். இருந்தா வந்தே தீரும் எண்டும் இல்லை, இல்லாட்டி வராது எண்டும் இல்லை. மெலிஞ்ச ஆளுக்கும் வரும். ரெண்டு பக்கத்திலயும் இருக்கெண்டா நீங்கள் கூடுதல் கவனமா இருக்க வேணும், அவ்வளவுதான். முதலே சொல்லியிருந்தா அந்தப் பிள்ளையையும் பாத்திருக்கலாம்.” கடைசியில சொன்னதை அவங்க கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தாத் தேவலாம்.

ரத்தம் எடுக்கக் காத்துக்கிட்டு இருந்தப்ப எனக்கு எங்க மலையில நிக்கிற பழைய விதைத் தேயிலைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. புதுசா நட்ட வி.பி. தேயிலை ஒரே தாய்ச்செடிக் கெளையில இருந்து வெட்டி வளத்தது, எல்லாம் ஒண்ணு போல நிக்கும். விதைத் தேயிலை அப்படி இல்ல. ஒண்ணு கறுத்த எலை, ஒண்ணு வெளுத்த எலை. மழைக் காலத்துல கொப்புள நோய் வந்தா ஒரு செடியத் தின்னுட்டுப் பக்கத்துச் செடியத் தொடாமப் போயிரும். அதுக்காக நோய் வந்த செடிய யாரும் கேலி பண்ணுனது கெடையாது. மருந்து அடிப்பாங்க, வேலையப் பாப்பாங்க.

என் ரத்தத்துல சீனி ஏறித்தான் இருந்துச்சு. வார்டுல சேத்து, ஊசி போட்டு, சோத்தை அளந்து குடுத்துப் பாத்துக்கிட்டாங்க. பொம்பளப் புள்ள பொறந்துச்சு. சின்னப் புள்ள, சரியான அழுகை. வார்டே எந்திரிச்சிச்சு. புள்ள பொறந்ததும் என்னைய விட்டுப் போயிரும்னு நெனச்ச சீனி, இந்தத் தடவை போகல. அன்னையில இருந்து நானும் சீனிக்குக் குளிசை மாத்திரை போடுறவதான்.

புள்ளையப் பாக்க வந்த எங்கப்பா முன்னால எங்க வீட்டுக்காரரு போய் நின்னு “மாமா”ன்னாரு. அப்பா, “விடுங்க மாப்பிள்ள, பஸ்ஸுக்கு நேரமாச்சு”ன்னாரு. அதுக்கப்புறம் கடையில கத்திக் கேலி இல்ல. ஆனா ஊருக்குள்ள போன கதைய யாரும் போய்த் திருப்பி வாங்கல. கத்தி படலன்னு சொன்னா, அப்ப என்னான்னு கேப்பாங்க. சீனின்னு சொன்னா, உனக்குமான்னு கேப்பாங்க. எங்க மக நாளைக்கு வளந்து நின்னா அவளையும் கேப்பாங்க. மாமியாரும் நானும் கலந்து பேசவே இல்ல, ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கிட்டோம். எனக்குப் பதிலா அப்பாவே இன்னும் கொஞ்ச நாள் காலை வெட்டிக்கிட்டவரா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

அப்பா மட்டும் பேத்திகிட்ட எதையும் ஒளிக்கல. லீவுக்குத் தோட்டத்துக்குப் போனா அவ அவரு காலை மடியில தூக்கி வச்சிக்கிட்டு, வெரல் இல்லாத எடத்தைத் தடவித் தடவிக் கதை கேப்பா. சீனி வருத்தம்னா என்னா, ஒங்கம்மா ஏன் குளிசை போடுறா, நீ ஏன் வருசா வருசம் ரத்தம் பாக்கணும், எல்லாத்தையும் அவளுக்குச் சொல்லிக் குடுத்தது அவருதான்.

அவ மூணாம் வகுப்புப் படிக்கிறப்ப அப்பா செத்துப் போனாரு. சிறுநீரகம் ரெண்டும் போயிருச்சு. லயத்து முன்னால தப்பு அடிச்சாங்க. பசறையில இருந்து எங்க வீட்டுக்காரரு சொந்தம் அத்தனையும் வந்திருச்சு, அந்தச் சித்தப்பா உட்பட. குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பெஞ்சில கெடத்தினாங்க. செத்தவங்களுக்குக் காலு பெருவெரல் ரெண்டையும் சேத்துத் துணியால கட்டுவாங்கல்ல. கட்ட வந்தவரு வெளித் தோட்டத்து ஆளு, அப்பாவைத் தெரியாது. வலது பெருவெரல்ல துணியச் சுத்திட்டு இடது காலுக்கு வந்தவரு தடுமாறினாரு. கட்டுறதுக்கு வெரல் இல்லியே.

“வெரல் எங்கங்க?”ன்னு நிமிந்து கேட்டாரு. தப்புச் சத்தம் அப்பப் பாத்து நின்னிருந்துச்சு.

சித்தப்பா நல்ல மனசோடதான் சொன்னாரு. “பாவம், கவ்வாத்துக் கத்தி பட்டுப் போன வெரல். கணுக்காலோட சேத்துக் கட்டிருங்க.” சொல்லிட்டு, “அப்படித்தானேம்மா?”ன்னு என்னைப் பாத்தாரு. தலைமாட்டுல ஒக்காந்திருந்த என்னை எல்லாரும் பாத்தாங்க. எங்க சனம், அவங்க சனம், பள்ளிக்கூடத்துல இருந்து வந்த டீச்சர்மாருங்க.

“ஆமாங்க”ன்னேன்.

“இல்ல!” எம் மக கத்தினா. “கத்தி படல! தாத்தா வெட்டுனா அவரு கால்ல படவே படாது. தாத்தாவுக்குச் சீனி. எங்கம்மாவுக்கும் சீனி, பசறைத் தாத்தாவுக்கும்...” அதுக்குள்ள எங் கை போய் அவ வாயைப் பொத்திருச்சு. யோசிச்சுச் செய்யல. கை தானாப் போச்சு.

அவ ரெண்டு கையாலயும் எங் கையப் புடிச்சு இழுத்து வெலக்கினா. மூஞ்சியெல்லாம் கண்ணீர்.

“ஏம்மா பொத்துற? வெட்டிக்கிட்டாருன்னு தாத்தாவைப் பாத்துச் சிரிப்பாங்கம்மா!”

துணியும் கையுமா நின்னவரு கட்டாம, என்னா சொல்லப் போறேன்னு எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் அப்பவும் வாயைத் தொறக்கல.